நடக்காத கல்யாணத்தின் தட்டுகள்

என் மைத்துனன் ராணுவத்தில் இருக்கிறான். இதைச் சொல்லும்போது என் குரலில் ஒரு விறைப்பு வந்துவிடும். கேட்பவர்கள், எல்லையில் காவல் நின்றுவிட்டு நானே இப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கியதாக எண்ணிக்கொள்வார்கள். நான் திருத்துவதில்லை. திருத்தினால் மீதமிருப்பது, திண்டிவனத்தில் குடியிருந்து விழுப்புரத்துக்கு ரயிலில் வேலைக்குப் போகிற ஒரு பொறியியல் கல்லூரி நூலகன். பிள்ளைகள் எங்கள் நூலகத்துக்கு வருவது மின்விசிறிக்காக. அதனால் அங்கிருக்கும் புத்தகங்களை நானே படித்துத் தீர்த்துவிட்டேன். எல்லா விஷயத்திலும் எனக்குக் கொஞ்சம் தெரியும், எதற்கும் உதவாத அளவுக்கு.

மைத்துனன் என் மனைவியின் தம்பி. மயிலத்துப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பம். ராணுவத்தில் கால்நடை மருத்துவப் பிரிவு என்று ஒன்று உண்டு, அதில் ஹவில்தார். சென்ற வருஷம் அவனை ஐ.நா. அமைதிப்படையோடு தென் சூடானுக்கு அனுப்பினார்கள். அது எங்கே இருக்கிறது என்று மனைவி கேட்டாள். மறுநாள் நூலகத்திலிருந்து பெருமையாக அட்லஸைத் தூக்கிவந்தேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தும் அந்த நாடு இல்லை. எங்கள் கல்லூரி அட்லஸ் வாங்கிய பிறகுதான் அந்த நாடே பிறந்திருக்கிறது.

"இல்லாத ஊருக்கா என் தம்பிய அனுப்பி வெச்சிருக்காங்க?" என்றாள் மனைவி. ஒரு வாரம் அட்லஸ் செய்த குற்றத்துக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் செல்போனில் முகம் காட்டுவான். துப்பாக்கி, சண்டை என்று ஏதாவது சொல்வான், ரயிலில் எடுத்துவிடலாம் என்று நான் காத்திருப்பேன். அவன் மாடுகளைப் பற்றியே பேசுவான். அங்கே மாட்டின் கொம்பு ஆள் உயரம். முகாமுக்கு வெளியே ஒரு மரத்தடியில் வாரம் ஒரு நாள் இவனும் டாக்டரும் மாடுகளுக்கு ஊசி போடுகிறார்கள். "மாட்டுக்கு ஊசி குத்தினா மாட்டுக்காரன் கண்ணுல தண்ணி வெச்சுக்கினு நிக்கிறான் மாமா. நான் அவனப் புடிக்கிறதா, மாட்டப் புடிக்கிறதா?"

அந்த மரத்துக்கு எதிரே ஒரு பள்ளிக்கூடம். சண்டையில் கூரை போய்விட்டது. இவர்கள் பட்டாளத்துக் கம்பெனி ஆட்களே சேர்ந்து தகரம் போட்டுக் கொடுத்தார்கள். அது அவர்களுடைய வேலை இல்லை. அவர்களுடைய வேலை காவல். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு சிப்பாய் எத்தனை நேரம்தான் சீட்டாடுவான்? கூரை போட்ட பிறகு பிள்ளைகள் வந்தார்கள். பிள்ளைகள் வந்த பிறகுதான் அவர்கள் காலையில் எதுவும் சாப்பிடாமல் வருகிறார்கள் என்று தெரிந்தது. தங்கள் ரேஷனில் ஆளுக்கு ஒரு பிடி அரிசியும் பருப்பும் ஒதுக்கி, வாரம் ஒரு முறை, ஓய்வு நாளான ஞாயிறன்று, பெரிய அண்டாவில் கிச்சடி பொங்கிப் போட ஆரம்பித்தார்கள். கிளறுவது யார் என்றால், ராஜஸ்தானிலிருந்து வந்த ஒரு டிரைவர்.

ஆவணி மாசத்து ஞாயிறு ஒன்றில் மைத்துனன் முகம் தொங்கிப்போயிருந்தது.

"எண்ணெய் டின்ன வெட்டி, அந்தத் தகரத்துலதான் மாமா சாப்பிடுதுங்க. இன்னிக்கு ஒரு பொண்ணுக்கு ஒதடு கிழிஞ்சு போச்சு. ரத்தத்தத் தொடச்சிக்கினு மறுபடியும் அதே தகரத்துல வாங்குது."

"அங்கே தட்டு கிடைக்காதாடா?"

"மழை புடிச்சிட்டா இங்க லாரியே வராது. சேறு, முட்டி வரைக்கும். எங்க ஆளுங்க மாறுறாங்க இல்ல, செஞ்சிக்காரரு ஒருத்தர் ஐப்பசியில கெளம்பி வர்றாரு. ரெண்டு பெட்டி கூட எடுத்துக்கினு வர எங்க கேப்டன் சாப் பர்மிஷன் குடுத்திருக்காரு. ஒரு நூத்தம்பது தட்டு, எப்பிடியாவது."

நான் உலகப் பசியைப் பற்றி எங்கேயோ படித்ததைச் சொல்ல வாயெடுத்தேன். மனைவி என்னைத் தாண்டிப் போய், மேல்பரணைக் காட்டி, "ஏணி எடுங்க" என்றாள்.

எங்கள் பக்கத்தில் விசேஷம் என்றால் தாம்பூலப் பையில் தேங்காயோடு ஓர் எவர்சில்வர் சாமானும் போட்டுக் கொடுப்பார்கள். கல்யாணத்துக்குத் தட்டு, காதுகுத்துக்குக் கிண்ணம், மஞ்சள் நீராட்டுக்கு டப்பா. கருமாதிக்குக்கூட உண்டு. எதுவானாலும் விளிம்பில் பெயர் வெட்டித்தான் வரும். மணமக்கள் பெயர், நடுவில் ஒரு இதயம், கீழே தேதி. அதில் யாரும் சாப்பிடுவதில்லை. அடுத்தவன் கல்யாணத்தில் சாப்பிடுவது வேறு, அடுத்தவன் பெயர்மேல் தினமும் ரசஞ்சோறு பிசைவது வேறு. தூக்கிப் போடவும் மனசு வராது. எனவே திண்டிவனத்தின் அத்தனை பரண்களிலும் ஊர்ப்பட்ட கல்யாணங்கள் காகிதம் சுற்றித் தூங்கிக்கொண்டிருக்கின்றன. எங்கள் பரணில் மட்டும் பத்தொன்பது.

தெருவில் சொன்னோம். ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்கு என்றதும் ஜனங்கள் கொடுத்தார்கள், இதை மறுக்க முடியாது. பரணில் இடமும் கிடைத்தது, இதையும் மறுக்க முடியாது. எங்கள் வீட்டு வாசலில் தட்டுகள் சேரச் சேர, என்னை ஒரு சமூக சேவகனாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஏணியைப் பிடித்துக்கொண்டதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை.

ஒரு காலையில், நான் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது, தெருக்கோடி வீட்டு அண்ணன் வந்தார். அறுபது வயதிருக்கும். இரண்டு ஏக்கர் நிலம், அது போக மல்லாட்டை மண்டியில் எடை போடும் வேலை. அதிகம் பேசமாட்டார். என் எச்சில் நுரையைப் பொருட்படுத்தாமல் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, தட்டு சேக்கிறியாமே."

தலையாட்டினேன்.

"எங்கிட்ட ஒண்ணு ரெண்டு இல்ல. மூட்டையா இருக்குது. அது எதுன்னு உனக்கே தெரியும்."

எனக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மண்டபம் பிடித்து, பத்திரிகை கொடுத்து முடித்த பிறகு, முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவனுக்கு வேறு இடத்தில் மனசாம். அதை நிச்சயத்துக்கு முன்னால் அவன் தன் மனசிடம் கேட்டிருக்கலாம். பெண் விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். என்னோடு அதே ரயிலில் வருவாள். நல்ல பெண். ஆனால் ஊர் கேட்டது மாப்பிள்ளையைப் பற்றியல்ல. "பொண்ணுகிட்ட இன்னா கொறையாம்?" என்றுதான் கேட்டது.

அந்தக் கல்யாணத்துக்கு வாங்கிப் பெயர் வெட்டிய தட்டுகள் நூற்றிருபது. இரண்டு மூட்டையாக அண்ணன் கட்டிலுக்கு அடியில் இருந்தன.

"எடைக்குப் போட்டிருக்கலாமேண்ணே."

"எங்க போடுறது? இங்க இருக்கிற பாத்திரக் கடை அந்தப் பையனோட பெரியப்பன் கடை. சரின்னு விழுப்புரத்துக்கு ஒரு மூட்டையத் தூக்கிக்கினு போனேன். கடைக்காரன் ஒரு தட்ட உருவி, பேரப் படிச்சிட்டு, 'கல்யாணம் நல்லபடியா நடந்துதுங்களா பெரியவரே'ன்னான். நல்ல மனுசந்தான், கேலியாக் கேக்கல. நான் மூட்டையத் திரும்பத் தூக்கிக்கினு பஸ் ஏறிட்டேன்."

நான் வாய் கொப்பளித்தேன்.

"இப்போ விழுப்புரத்துலயே ஒரு எடம் வந்திருக்குது. தை பொறந்ததும் பொண்ணு பாக்க வர்றாங்க. பழசு அவங்களுக்குத் தெரியாது. சொல்லலை. அந்தக் கட்டில்ல உக்காந்துக்கினு, அடியில அத வெச்சிக்கினு, நான் அவங்ககிட்ட எப்பிடிப் பேசுறது?" குரலைத் தாழ்த்தி, "அந்த ஊர்ல தமிழ் படிக்கிறவன் எவனாவது இருக்கானா?" என்றார்.

"என் மச்சான், அப்புறம் பெட்டியக் கொண்டுபோற செஞ்சிக்காரரு, ரெண்டே பேருதான்."

"ஒருத்தன் நம்ம பையன், இன்னொருத்தரு வெளியூரு. பரவாயில்ல. ஆனா தெருவுக்குத் தெரியக் கூடாது தம்பி. எம்பொண்ணுக்கும் தெரிய வேணாம். மறந்துக்கினு இருக்கா."

சத்தியம் செய்து கொடுத்தேன். சத்தியம் செய்யும்போது நான் மிகவும் நன்றாக இருப்பேன். அதற்குப் பிறகுதான் தேய்மானம்.

பெண் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், நான் லீவு போட்டுவிட்டு மொபெட்டில் மூட்டைகளை ஏற்றினேன். எவர்சில்வர் தட்டுகளை ரகசியமாகக் கடத்த முடியாது என்பது எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. தெரு நெடுக ஜல்ஜல் என்று ஒரு கல்யாண ஊர்வலமே வந்தது. "இன்னா சார், மேளம் எங்க?" என்று ஒருவர் கேட்டார். மீன் விற்கிற அம்மா கூடையை இறக்கிவிட்டுப் பார்த்தார். கல்லூரி ஆய்வகச் சாமான் என்று சொல்லிவைத்தேன்.

அன்று சாயந்திரமே மைத்துனன் கூப்பிட்டான். "மாமா, கேப்டன் சாப் ஒரு கண்டிஷன் போட்டுட்டாரு."

அந்தப் பகுதியில் இரண்டு கூட்டத்துக்குள் பகை. இரண்டு கூட்டத்துப் பிள்ளைகளும் அந்தப் பள்ளியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். சிப்பாய்கள் கொடுக்கும் பொருளில் கொடியோ, சாமியோ, தலைவர் படமோ இருந்தால் நாளைக்கு வம்பு. எழுத்து இருந்தால், என்ன எழுதியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் சான்று வேண்டும். "தமிழ்ல இருக்குது சாப், யாருக்கும் புரியாதுன்னு சொன்னேன். 'எனக்கும்தான் புரியல, அதான் கேக்கிறேன்'னு சொல்லிட்டாரு. ஸர்தார்ஜி. எல்லாத்தையும் கரெக்டாப் பாப்பாரு."

ஆகவே நானும் மனைவியும் கூடத்தில் பாய் விரித்து ஒவ்வொரு தட்டாகப் படித்தோம். என் வாசிப்பு வாழ்க்கையில் இத்தனை பாத்திரங்களை ஒரே இரவில் சந்தித்ததில்லை. வார்டு கவுன்சிலர் பிறந்தநாளுக்குக் கொடுத்த, அவர் முகமே பதித்த தட்டுகள் வெளியே போயின. கும்பாபிஷேகத் தட்டுகளில் வேல் இருந்தது, அவையும் போயின. கருமாதித் தட்டுகளில் மனைவி தயங்கினாள்.

"செத்தவங்க பேரு போட்டதுல பச்சப் புள்ளைங்க சாப்பிடணுமா?"

"எடுத்துட்டா எண்ணிக்கை குறையும்."

கொஞ்ச நேரம் யோசித்தாள். எழுந்து போய் ஒரு வாளியில் மஞ்சள் கரைத்துக்கொண்டு வந்து அத்தனையையும் முக்கி எடுத்தாள். "இப்போ எல்லாம் புதுசு. போடுங்க உள்ள." மதங்களின் வரலாறு பற்றி எங்கள் நூலகத்தில் ஏழு தொகுதி இருக்கிறது, இவ்வளவு சுருக்கமாக அதில் யாரும் எதையும் தீர்த்துவைக்கவில்லை.

சான்றிதழில், இவை திருமணம், காதணி விழா, நீத்தார் நினைவு ஆகியவற்றைக் குறிப்பவை, அரசியல் இல்லை என்று எழுதினேன். அண்ணனுடைய நூற்றிருபது வந்தபோது பேனா நின்றது. திருமணம் என்று எழுதலாமா? நடக்கவில்லையே. நடக்காத திருமணம் என்று எழுதினால் ஸர்தார்ஜி ஆயிரம் கேள்வி கேட்பார். திருமணம் என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஐப்பசியில் கூட்டேரிப்பட்டு முனையில் கைமாற்றினோம். செஞ்சிக்காரச் சிப்பாய், தன் கூடப்பிறந்த அண்ணன் ஓட்டிய பிக்கப் வண்டியில் சென்னைக்குப் போகிறவர், டீக்கடை ஓரமாக நிறுத்தியிருந்தார். எங்கள் கறுப்பு டிரங்குப் பெட்டிகள் இரண்டு. ஒரு பெட்டியை நானும் தெருக்கோடி அண்ணனும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, இரண்டு முறை கீழே வைத்து மூச்சு வாங்கி, வண்டியை எட்டினோம். சிப்பாய் மற்றதை ஒரே கையால் தூக்கி ஏற்றிவிட்டு, "நல்லா கட்டியிருக்கீங்க சார்" என்று என்னைப் பாராட்டினார். அண்ணன் பெட்டிமேல் கை வைத்துக்கொண்டு, "ஜாக்கிரதையாப் பாத்துக்குங்கப்பா" என்றார். வண்டி திரும்பி மேம்பாலம் ஏறும்வரை அங்கேயே நின்றார். அப்புறம் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

தை பிறந்து பொங்கல் முடிந்ததும், பெண் பார்க்க வருவதற்கு நான்கு நாள் இருக்கும்போது, அந்தப் படம் வந்தது.

தகரக் கூரைக்கு முன்னால் வரிசை வரிசையாகப் பிள்ளைகள். எல்லாரும் தட்டைக் கேமராவை நோக்கி மார்போடு பிடித்திருந்தார்கள். வெயில் தட்டுகளில் பட்டுத் தெறித்தது. ஓரத்தில் என் மைத்துனன், நீலத் தொப்பியோடு, வீட்டில் என்றும் சிரிக்காத சிரிப்பு. கீழே எழுதியிருந்தான்: "நாங்க இங்க ஒரு வருஷம்தான் மாமா. அப்புறம் தட்டாவது இருக்கும்."

மனசு பொங்கும்போது எழுதக் கூடாது என்று எனக்குத் தெரியும், இருந்தும் எழுதினேன். மனிதநேயம், எல்லை கடந்த அன்னம் என்று இரண்டு பத்தி. படத்தோடு சேர்த்து எங்கள் குடும்பக் குழுவுக்கு, தெருக் குழுவுக்கு, கல்லூரிக் குழுவுக்கு என்று அனுப்பிவிட்டு, யார் யார் இதயம் போடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் பத்தியை நான்கு முறை படித்தேன். தட்டை ஒருமுறைகூடப் படிக்கவில்லை.

அண்ணன் வந்தார். இந்த முறை வாசலிலேயே நின்றார். கையில் செல்போன்.

"தம்பி, இத ரெண்டு வெரலால பெருசாக்கிப் பாரு."

பெருசாக்கினேன். முதல் வரிசையில் நடுவில் நிற்கும் பையனின் தட்டு. விளிம்பில் அவர் பெண்ணின் பெயர், இதயம், கல்யாணத்தை நிறுத்திய மாப்பிள்ளை பெயர், நடக்காத தேதி. மெஷின் ஊசியால் வெட்டிய எழுத்து. மூவாயிரம் மைல் போனாலும் மங்கவில்லை. பக்கத்துத் தட்டிலும் அதுவே. அதற்கடுத்த தட்டிலும்.

"காலேஜ் குரூப்புலயும் போட்டியா?"

போட்டிருந்தேன். அந்த விழுப்புரத்து இடத்தைக் கொண்டுவந்ததே எங்கள் கல்லூரி அலுவலக உதவியாளர்தான். அவர் அந்தக் குழுவில் இருக்கிறார். அது மட்டுமல்ல, என் பத்திக்குக் கீழே முதல் ஆளாகக் கைகூப்பியிருந்தார்.

"இதோ அழிச்சிடறேண்ணே." அவசரமாக அழித்தேன். "அழிஞ்சிடுச்சு."

"என்னுதுல இருக்குதே."

எல்லாரிடமிருந்தும் நீக்க ஒரு பொத்தான், என்னிடமிருந்து மட்டும் நீக்க ஒரு பொத்தான். நான் இரண்டாவதை அழுத்தியிருந்தேன். இப்போது அந்தப் படம் எல்லாரிடமும் இருந்தது, என்னிடம் மட்டும் இல்லை.

அண்ணன் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீ படிச்சவன்னு நெனச்சேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ரயிலில் வேறு பெட்டியில் ஏறலாம் என்று பிளாட்பாரத்தின் கடைசிவரை நடந்தேன். அந்தப் பெண் அங்கே நின்றிருந்தாள். எனக்காகவே நின்றிருக்கிறாள்.

"இன்னா சித்தப்பா, வாக்கிங்கா?"

ஏறி எதிரெதிரே உட்கார்ந்தோம்.

"போட்டோ நல்லா வந்திருக்குது" என்றாள்.

"எந்த போட்டோம்மா?" என்றேன். எனக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது.

"சித்தப்பா, கட்டிலுக்கு அடியில பெருக்குறது யாருன்னு நெனச்சீங்க? ஒரு நாளு தொடப்பம் நேரா சொவுரு வரைக்கும் போச்சு. அன்னிக்கு அப்பா ரெண்டாவது தடவ சோறு வாங்கிச் சாப்பிட்டாரு. சரி, எங்கயோ போயிடுச்சுன்னு நெனச்சிக்கினேன். ஆனா இவ்ளோ தூரம் போயிருக்கும்னு நெனைக்கல." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாளோ என்று பயந்தேன். அவள் தோள் குலுங்கியது சிரிப்பில். "அந்த மொத வரிசப் பையன் தட்ட எப்பிடிப் புடிச்சிருக்கான் பாத்தீங்களா? பள்ளிக்கூடத்துல சிலேட்டக் காட்டுற மாதிரி."

"நான் செய்தது பெரிய தப்பு. அந்த உதவியாளரிடம் எப்படியாவது பேசி..."

"வேணாம். நீங்க பேசினா இன்னும் ரெண்டு பத்தி ஆயிடும்." அவளும் அதைப் படித்திருக்கிறாள். "எனக்கு அந்த போட்டோ தெளிவா வேணும். குரூப்புல வந்தது மங்கலா இருக்குது. உங்க மச்சான்கிட்ட சொல்லி எனக்கே அனுப்பச் சொல்லுங்க."

"எதுக்கும்மா?"

"இந்த ரெண்டு வருஷத்துல மூணு எடம் வந்துது. ஒவ்வொரு தடவையும் அப்பா மறைச்சிட்டுப் பேசுவாரு. நான் காப்பியத் தூக்கிக்கினு போயி, அவங்க மூஞ்சியப் பாத்துக்கினு, இவங்களுக்குத் தெரியுமா தெரியாதான்னு யோசிச்சிக்கினு நிப்பேன். அப்புறம் எவனாவது சொல்லிடுவான். அவங்க வரமாட்டாங்க. நான் இன்னா திருடிட்டா வந்தேன்? தெரிஞ்சிட்டு வர்றதுன்னா வரட்டும்."

பேரணி ஸ்டேஷன் தாண்டும்போது படம் அவள் செல்போனுக்கு வந்துவிட்டது. விக்கிரவாண்டியில் அவள் அதை எல்லாரும் பார்க்கும்படி ஸ்டேட்டஸில் வைத்துவிட்டு, எனக்கும் காட்டினாள். படத்துக்குக் கீழே மூன்று வரி:

"இந்தத் தட்டு என் கல்யாணத்துக்கு வாங்கினது. கல்யாணம் நடக்கலை. சாப்பாடு நடக்குது."

நான் இரண்டு பத்தியில் தவறவிட்டது மூன்று வரியில் இருந்தது.

சனிக்கிழமை அலுவலக உதவியாளர் நூலகத்துக்கு வந்தார். வந்தவர் மின்விசிறிக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றார். "அவங்க வீட்ல ஏதோ விசேஷமாம் சார். அப்புறமாப் பாக்கலாம்னு சொன்னாங்க" என்றார். அந்த 'அப்புறமா' எந்த நாள்காட்டியிலும் இல்லாதது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அண்ணனிடம் அவரே தொலைபேசியில் சொல்லிவிட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு மைத்துனன் வீடியோவில் கூப்பிட்டான். அங்கே அப்போதுதான் மத்தியானம். பந்தி ஆரம்பிக்கப் போகிறது, பார்க்கிறீர்களா என்றான். நான் பார்க்கும் நிலையில் இல்லை. மனைவி செல்போனைப் பிடுங்கித் திரும்ப என் கையிலேயே திணித்தாள்.

"போயி அண்ணன்கிட்ட காட்டுங்க."

"அடிப்பாருடி."

"அடிச்சா வாங்கிக்கினு வாங்க. போங்க ஜல்தி."

அண்ணன் வீட்டில் கதவு திறந்திருந்தது. பெண் பார்க்க வருவதாக இருந்த நேரம் நான்கு மணி. அவர் தேய்த்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஏன் போட்டுக்கொண்டார் என்று அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். உள்ளே அவர் பெண் ஏதோ பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டது. நான் ஒன்றும் பேசாமல் செல்போனை நீட்டினேன். நான் பேசாமல் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

முதலில் அவர் பார்க்கவில்லை. பிறகு அங்கேயிருந்து சத்தம் வந்தது. பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து தட்டைத் தட்டுகிற சத்தம். அவர் திரும்பினார்.

தகரக் கூரைக்கு அடியில் இரண்டு வரிசையாக எதிரெதிரே பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள், நம்மூர்ப் பந்தி மாதிரியே. மைத்துனன் பழக்கதோஷத்தில் அப்படி உட்கார வைத்திருக்க வேண்டும். ஆறடிக்கு மேல் உயரமான ஸர்தார்ஜி, சட்டைக் கையை மடித்துவிட்டு, வாளியும் கரண்டியுமாக வரிசையில் குனிந்து குனிந்து வந்துகொண்டிருந்தார். அவர்தான் சான்றிதழ் கேட்ட கேப்டன். ராஜஸ்தான் டிரைவர் அண்டாவுக்குப் பக்கத்தில் வியர்வையோடு நின்றார். பருப்புக் கிச்சடி தட்டில் விழ விழ, விளிம்பில் இருந்த எழுத்துகள் ஆவியில் மறைந்தன.

பெண்ணைப் பெற்றவனுக்குக் கல்யாணத்தில் உட்கார நேரமிருக்காது. தாலி கட்டுவதைக்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் பந்திக்கு ஓடிவிடுவான். இலை இலையாகக் குனிந்து, போதுமா, இன்னும் கொஞ்சம், கூச்சப்படாதீங்க என்று கேட்டுக்கொண்டே போவதுதான் அன்றைக்கு அவனுடைய வேலை. அண்ணன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த வேலைக்குத் தயாராக இருந்தவர்.

அவர் செல்போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். முகத்துக்குக் கிட்டே பிடித்தார்.

"யாருப்பா அது, தலப்பாக்காரரு?"

"எங்க கேப்டன் சாப்ணே," என்றான் மைத்துனன்.

"வாளிய எடது கையில மாத்திக்கச் சொல்லு. வலது கையில வாளி வெச்சிக்கினு எடது கையில ஊத்தினா பந்தி இன்னிக்கு முடியாது."

மைத்துனன் இந்தியில் ஏதோ சொன்னான். ஸர்தார்ஜி நிமிர்ந்து செல்போனைப் பார்த்தார். அப்புறம் பணிவாக வாளியைக் கை மாற்றிக்கொண்டார்.

"ஆங். இப்போ போவும் பாரு." அண்ணன் கட்டிலை விட்டு எழுந்து நின்றுவிட்டார். "தண்ணி வெச்சீங்களாப்பா? மொதல்ல தண்ணி. அந்தச் செவப்புச் சட்ட பொண்ணு தட்டு காலியா இருக்குது பாரு, இன்னொரு கரண்டி. வேணாம்னுதான் சொல்லும், விடாத. ஊத்து."

"ஊத்திட்டாங்கண்ணே. இது மொத பந்திதான்."

"கூச்சப்படாம சாப்பிடச் சொல்லு. யாரும் பாதியில எழுந்திரிக்கக் கூடாது."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. பெண் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, அப்பாவின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். அவர் திரும்பாமலே செல்போனைக் கொஞ்சம் அவள் பக்கம் சாய்த்தார்.

"நல்லா சாப்பிடுதுங்க இல்ல?" என்றார்.

"ஆமாப்பா."

"எவ்ளோ அரிசி போட்டாங்கன்னு கேளு. பத்துமான்னு தெரியல. ரெண்டாவது பந்தி வேற இருக்குதாம்."